முத்த நோய் விசாரணை

நித்யஸ்ரீயின் கழுத்தில் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்து மூன்று மாதமாகியிருந்தது. வலி இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கவும், உடம்பு இளைக்கவும் தொடங்கிய பிறகுதான் அப்பா பாலுசாமி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பாலுசாமிக்குப் போத்தனூரில் கிரைண்டர் கம்பெனி. மகளுக்கு இருபத்தைந்து வயது, சாஃப்ட்வேர் வேலை. தன் அக்கா நாச்சியம்மாளின் மகன் சுரேந்தருக்குத்தான் அவள் என்று பேசி, நிச்சயத்துக்கு மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது.

கட்டியில் சதை எடுத்துச் சோதித்த முடிவை டாக்டர் ஹுமேரா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"ஹாட்ஜ்கின் லிம்போமாங்க. நிணநீர் முடிச்சுல வர்ற கேன்சர். முத்திப்போறதுக்குள்ள வந்துட்டீங்க, மருந்துக்கு நல்லாக் கேக்கும். ஆறு மாசம் ஊசி போடோணும்."

"வைரஸுன்னு ஏதோ எழுதியிருக்குதுங்களே?" என்றார் பாலுசாமி.

"எப்ஸ்டீன்-பார்னு ஒரு வைரஸ். எச்சில் வழியாப் பரவும். பெரியவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரு உடம்புலயும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ரொம்பக் கொஞ்சப் பேருக்கு மட்டும் இந்தக் கேன்சருக்கு ஒரு காரணமாயிடுது. ஏன் அவங்களுக்கு மட்டும்னு இன்னும் முழுசாத் தெரியலைங்க."

டாக்டர் சொன்ன அத்தனையிலும் ஒரே ஒரு சொல்தான் அவர்களோடு காரில் ஏறி வீடு வந்தது: எச்சில்.

ஊருக்குத் தைராய்டு என்று சொல்லிவிட்டார் பாலுசாமி. சம்பந்தம் பேசிய இடம் என்பதால் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். நாச்சியம்மாள் வைரஸின் பெயரைப் பெங்களூரில் இருந்த மகனுக்கு அனுப்ப, அவன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அம்மா, இந்த வைரஸால வர்ற காய்ச்சலை வெளிநாட்டுல முத்த நோய்ங்கறாங்க." அம்மா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாச்சியம்மாள் கணவர் சென்னியப்பனோடு வந்து இறங்கினாள். சென்னியப்பன் வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுபவர். சோபாவில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, யாருன்னு மட்டும் சொல்லிப்போடு. அத்தை கோவிச்சுக்க மாட்டேன்."

"யாருன்னா, என்னங்கத்தை?" என்றாள் நித்யஸ்ரீ.

"அதான், உனக்கு இந்தச் சீக்கைக் குடுத்தவன்."

நித்யஸ்ரீயின் அம்மா புவனா நாத்தனாரிடம் மெதுவாகச் சொன்னாள்: "நங்கையா, புள்ளைக்கு வந்திருக்கறது கேன்சருங்க."

"அது மருந்துல போயிரும். இது போகுமா?"

அன்று மத்தியானம் வரை விசாரணை நடந்தது. காலேஜ் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஆபீசில் டிபனைப் பங்கு போட்டவர்கள், ஊட்டி டூர் போட்டோவில் தோளில் கை போட்டிருந்தவர்கள் என்று எல்லாப் பெயரும் வந்தது. தோளில் கை போட்டிருந்தது லோகப்பிரியா என்று தெரிந்ததும் நாச்சியம்மாளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாலுசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் நாச்சியம்மாள் எழுந்தாள். "நாங்க மூணு பேரும் ரத்தம் குடுக்கறோம். எங்கூட்டு ரத்தம் சுத்தம்னு எழுத்துல வரட்டும்."

எழுத்தில் வந்தது. நாச்சியம்மாள் உடம்பில் வைரஸ் இருந்தது. சுரேந்தர் உடம்பிலும் இருந்தது. சென்னியப்பனுக்கு மட்டும் இல்லை.

நித்யஸ்ரீக்கு முதல் ஊசி போடும் நாளில், நாச்சியம்மாள் காகிதத்தோடு டாக்டர் அறைக்குள் புகுந்தாள். பின்னாலேயே எல்லாரும் போனார்கள்.

"டாக்டரம்மா, மாத்தி எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குது. நான் இவரைத் தவிர ஒருத்தர் மூஞ்சியை நிமுந்து பாத்ததில்லைங்க."

அந்த வருடத்தின் முதல் வார்த்தையை அப்போதுதான் பேசினார் சென்னியப்பன். "எனக்குத்தான் இல்லையாமே. அப்பறம் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

நாச்சியம்மாளின் முகம் வெளுத்தது.

"சின்ன வயசுலயே ஒட்டியிருக்கும்ங்க" என்றார் டாக்டர். "அம்மா மென்னு ஊட்டுன சோறு போதும். ஐயாவுக்கு ஒட்டலை, சிலருக்கு அப்படி. இதை வெச்சு யாரு நடத்தையையும் அளக்க முடியாதுங்க."

"அதான! கேட்டீங்களா? சின்ன வயசுலயே!" பத்து நாளாக மருமகளுக்குப் பொருந்தாத விளக்கம் அத்தைக்கு ஒரே நொடியில் பொருந்திவிட்டது. அப்படியும் சென்னியப்பன் மாதக் கடைசி வரை தனி டம்ளரில்தான் காபி குடித்தார்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீ கேட்டாள்: "டாக்டர், நான் பொழைச்சுக்குவனுங்களா?"

நாச்சியம்மாள் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள்.

"நல்ல வாய்ப்பு இருக்குது கண்ணு. இதை யாராச்சும் கேப்பாங்களான்னுதான் பாத்துட்டே இருந்தேன்."

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் யாரோ போனில் தைராய்டைப் பற்றி விசாரித்தார்கள். "தைராய்டு இல்லீங்க, கேன்சருங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கு அழுகை வந்தது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஊசி. முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாயிற்று. ஒவ்வொரு முறையும் கம்பெனியை விட்டுவிட்டுப் பாலுசாமி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஸ்கேனில் நோய் இருந்த அடையாளமே இல்லை.

அடுத்த வாரம் நாச்சியம்மாள் பூவும் பழமுமாக வந்தாள். "சுரேந்தருக்கும் அந்த வைரஸ் இருக்குது, அம்மணிக்கும் இருக்குது. இதைவிடப் பொருத்தம் எங்க அமையும்?"

"வேண்டாமுங்கத்தை" என்றாள் நித்யஸ்ரீ.

நாச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அக்கா பேச்சை ஒருநாளும் தட்டாத பாலுசாமி, "அவ வேண்டாங்கறாளுங்கக்கா" என்றார்.

திங்கட்கிழமை நித்யஸ்ரீ வேலைக்குக் கிளம்பினாள். முடி ஒரு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. ஹெல்மெட் தலையில் நிற்காமல் ஆடியது. அம்மாவிடம் ஒரு துண்டை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.