முக்காட்டை விலக்கியவள்

சூரியன் விழுந்த கையோடு நிலா கிளம்பியது, வலப்பக்கம் கடிபட்டு. பாபிலோன் கோயில் வாசலில் செப்பு முரசு அதிர்ந்தது. ஊரே முக்காடு போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து ஓலமிட்டது. கிரகணம் விடும்வரை யாரும் தலை நிமிரக் கூடாது. பார்க்கிற உரிமை கூரைமேல் நிற்கும் வான்காவலனுக்கு மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தில் முக்காட்டுக்குள் நுப்தாவும் இருந்தாள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த லபாஷியை, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவனை, கிரகணம் வருமென்று முன்பே கணித்து, மூன்று நாளாக அரண்மனைக்குள் குளிப்பாட்டி அடைத்துவைத்திருந்தார்கள். நிலாவின் இடப்பக்கம் கறுத்தால் ஏலாம் நாட்டு ராஜாவுக்குச் சாவு. வலப்பக்கம் கறுத்தால் நம் ராஜாவுக்கு. நம் ராஜா சாவாரா என்ன? லபாஷியைப் போன்ற ஏமாளி ஒருவனைத் தன் அரியணையில் ஏற்றி, பக்கத்தில் ஒரு ராணியையும் உட்காரவைத்து, நாள் வந்ததும் இருவரையும் கொன்று புதைத்துவிட்டு அரியணைக்குத் திரும்பி வருவார். அதுவரை ராஜாவுக்கு ‘விவசாயி’ என்று வேஷப் பெயர். தன் தலைக்கு வந்ததை ஏழை தலையில் கட்டுவதில் அரண்மனைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

தப்ப ஒரே வழிதான் இருந்தது. கிரகணத்தின்போது மர்துக் தேவனின் வெள்ளை விண்மீன் தெரிந்தால் ராஜாவுக்கு ஆபத்தில்லை. பதில் ஆளும் வேண்டாம்.

நுப்தா முக்காட்டை விலக்கினாள். தலையை நிமிர்த்தினாள். மேற்கே புழுதிக்காற்று வானத்தை மூடியிருந்தது. சட்டென்று அது விலகியது. பேரீச்ச மரங்களுக்கு மேலே, வெள்ளையாக, அசையாமல் நின்றது விண்மீன். அவள் மூச்சு விடுவதற்குள் புழுதி மறுபடி மூடிக்கொண்டது.

கோயில் படியேறி ஓடினாள். கூரையில் வான்காவலன் ரிமூத் ஈரக் களிமண்ணில் எழுதிக்கொண்டிருந்தான். அருகில் அரண்மனை அதிகாரி ஒருவர்.

“ஐயா, மேக்கால வெள்ளை மீனு தெரிஞ்சுது. எழுதுங்கய்யா.”

“நான் பாக்கலையே தாயி. நிலாவத்தான பாத்துட்டு நின்னேன்.”

“நான் பாத்தேன்யா. சத்தியமா.”

“நீ சொன்னேன்னு எழுதிட்டு, மத்த ஊர்க் காவக்காரனுங்க இல்லைன்னு எழுதிட்டா? என் தோல உரிச்சுருவாங்க.”

“ஒரு உசுருய்யா. பார்லி அறுப்பு முடிஞ்சதும் எங்களுக்குக் கல்யாணம்.”

அதிகாரி மிகவும் அன்பாகக் கேட்டார். “முக்காடு எங்கம்மா?”

நுப்தாவின் கை தலைக்குப் போனது. வெறுந்தலை. துணி படிக்கட்டிலேயே விழுந்திருந்தது.

“இன்னும் கல்யாணம் ஆகல, அப்படித்தான?”

“ஆகலங்க.”

“நல்லதாப் போச்சு. ராணியா உக்கார ஊரெல்லாம் பொண்ணு தேடிட்டோம், ஒருத்தனும் தரமாட்டேங்குறான்.” அவர் ரிமூத்தின் பக்கம் திரும்பினார். “நீ எழுதுப்பா.”

ரிமூத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் கறுத்தது, விண்மீன் தெரியவில்லை என்று எழுதி முடித்தான்.

மறுநாள் காலை, காதுவரை இறங்கிய கிரீடத்தோடு லபாஷி அரியணையில் ஒடுங்கிக் கிடந்தான். தூணோரம் முரட்டுத் துணி உடுத்திய ‘விவசாயி’ பேரீச்சம்பழம் மென்றுகொண்டிருந்தார். நுப்தாவைக் கண்டதும் லபாஷியின் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா? என்ன விட்டுரச் சொல்லிட்டாங்களா?”

அவள் பக்கத்திலிருந்த ராணி ஆசனத்தில் உட்கார்ந்து, சில்லிட்டிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுப்பு வரைக்கும் காத்திருக்க வேணாமாம்” என்றாள்.