கூட யார் வருகிறார்கள்?

குண்டூசி என்று பெயர் வைத்தவர் மாமா. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. குழந்தைகள் நலத்துறைக்காரர்கள் பத்து வயதில் அவளை வளர்க்கச் சொல்லி அவர் வீட்டில் கொண்டுவந்து விட்ட வாரமே வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பேருந்து ஓட்டுநரான மாமாவும் சரி, அத்தையும் சரி, ரத்த சொந்தம் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆன சொந்தம்.

பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி வெளியேற வேண்டியிருந்தது. நலத்துறை அதிகாரி ஒரு சலவைக்கூடத்தில் வேலையும், மாடியில் ஒற்றை அறையும் பார்த்துக் கொடுத்தார். "இனிமே நீ பெரிய மனுஷி. எதுன்னாலும் என்னைக் கூப்பிடு" என்றார். கொஞ்ச நாளிலேயே அவரும் மாற்றலாகிப் போனார்.

அறையில் குறையொன்றும் இல்லை, சத்தம்தான் இல்லை. அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது. அத்தை குக்கரோடு மல்லுக்கு நிற்பாள்: "விசில் அடிக்கிறதுன்னா அடி, சும்மா முனகாத." மாமா குளிக்கும்போது தன் தடத்து நிறுத்தங்களையெல்லாம் ராகம் போட்டுப் பாடுவார். பரீட்சைக் காலத்தில் குண்டூசி காதைப் பொத்திக்கொண்டு இருவரையும் திட்டியிருக்கிறாள். இப்போது படுக்கை விரிப்புகளைத் தேய்க்கையில் நீராவி புஸ்ஸென்று கிளம்பினால், அடுத்து அத்தையின் குரல் வரும் என்று காது ஒரு கணம் காத்திருந்து ஏமாந்தது.

ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் அறைக்கு வேறொரு சின்னப் பெண் வந்துவிட்டதாகக் கேள்வி. உத்தரவில் வந்த உறவு உத்தரவிலேயே முடிந்திருக்கும், அழையாத வீட்டில் போய் நிற்பானேன் என்று இருந்துவிட்டாள்.

அப்போதுதான் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"கூட யாரு வர்றாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நானே வந்துடுவேன்."

"வர்றதுக்கு நீ போதும்மா. திரும்பிப் போக ஆள் வேணும். தனியா அனுப்ப மாட்டோம். அம்மா, அக்கா யாராவது?"

"வருவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சலவைக்கூடத்துத் தோழிக்கு அன்று வேலை. வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்க நா எழவில்லை. கடைசியில் அத்தைக்குப் போன் போட்டாள். அப்போதும் விஷயத்தைச் சொல்லவில்லை.

"அத்தை, பல்வலிக்கு என்ன வைக்கிறது?"

"கிராம்பு வை" என்று தொடங்கிய அத்தை நிறுத்தினாள். "குரல் ஏன் கொழகொழன்னு வருது? வீங்கியிருக்கா?"

"நாளைக்குக் காலைல எடுக்கறாங்க."

"கூட யாரு?"

குண்டூசி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி. எந்த ஆஸ்பத்திரி? அதை மட்டும் சொல்லு."

மறுநாள் அவள் போய்ச் சேருமுன்பே மூவர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வேலைச் சீருடையில் மாமா, அத்தை, தனியே விட முடியாததால் கூட்டிவந்த புதுப் பெண். "இவளுக்கு நீங்க என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் அத்தை, முகத்தைக்கூட நிமிர்த்தாமல்.

பல்லை எடுத்த பிறகு வாய் நிறையப் பஞ்சோடு குண்டூசி அத்தையின் தோளில் சாய்ந்து வாடகைக் காரில் போனாள். வண்டி அவள் அறைப்பக்கம் திரும்பவில்லை.

"ஆறு மாசமா ஒரு போன் இல்ல" என்றாள் அத்தை. "அவளா சொந்தக் கால்ல நிக்கட்டும், போய்த் தொந்தரவு பண்ணாதீங்கன்னு அந்த ஆபீசர் சொல்லிட்டுப் போனாரு. நானும் பைத்தியக்காரி மாதிரி போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பேச முடியாத குண்டூசி அத்தையின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பஞ்சு வரைக்கும் இறங்கியது.

"அழாத, தையல் பிரிஞ்சிடும்" என்றார் மாமா முன்னிருக்கையிலிருந்து. அவர் குரலும் சரியாக இல்லை.

வீக்கம் வடிகிறவரை அத்தை வீட்டிலேயே இருந்தாள். கிளம்பும் அன்று புதுப் பெண் செருப்புப் போட்டுக்கொண்டு வாசல்வரை பின்னாலேயே வந்தது.

"நீ மறுபடி வருவியா?"

"ஞாயித்துக்கிழமை வருவேன்."

"அப்ப கட்டில்?"

"அது உன்னோடது. நான் கீழ படுத்துக்கறேன்."

அந்தப் பெண் செருப்பை வாசற்படியில் தேய்த்தது.

"கட்டில்லயே படுக்கலாம். ஆனா போர்வையை இழுக்கக் கூடாது."