எழுபத்திரண்டாவது கட்டம்

தவறு என் புரோகிராமில் இருந்தது. அதைத் திருத்த மூன்று கார்டுகள் போதும். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

திருவொற்றியூரில் கொதிகலன் செய்யும் கம்பெனி. 1971-இல் அதன் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். கொதிகலனோடு அனுப்பும் கையேடுகளைக் கம்ப்யூட்டரிலேயே அச்சடிக்க வேண்டும் என்றார்கள். பஞ்ச் அறைப் பெண்கள் கையேட்டைப் பார்த்துக் கார்டுகளில் துளையிட்டுத் தருவார்கள். தலைப்பு எது, பத்தி எது, எச்சரிக்கை எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்காக எழுத்துகளுக்கு நடுவே குறிகள் வைத்தோம். திறக்கும் கூர் அடைப்பு, உள்ளே ஒரு சொல், மூடும் அடைப்பு. குறியையும் எழுத்தையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, அச்சடிக்கும் புரோகிராமிடம் கொடுப்பது என் புரோகிராமின் வேலை.

அது ஒரு கார்டை வாங்கும். எழுத்தெழுத்தாகப் போகும். அடைப்பு திறந்தால், குறிக்குள் இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக ஓரிடத்தில் ஒன்று என்று போட்டுக்கொள்ளும். மூடினால் பூஜ்யம். ஒரு கார்டில் எழுத்துகள் அடிக்க எழுபத்திரண்டு கட்டங்கள். மிச்சக் கட்டங்களில் கார்டை அடித்தவரின் எண் இருக்கும். எழுபத்திரண்டாவது கட்டத்துக்குள் குறி மூடவில்லையென்றால் புரோகிராம் கார்டை ஒதுக்கிவிட்டு, பிழை என்று அச்சடிக்கும். பக்கத்தில் அந்த எண்.

ஆக, குறி ஒரு கார்டில் தொடங்கி அடுத்ததில் முடியக் கூடாது. அடிக்கிறவர் கட்டங்களை எண்ணிக்கொண்டே போய், இடம் போதாதென்றால் மிச்சத்தைக் காலியாக விட வேண்டும். இது நான் போட்ட விதி. பிழைப் பட்டியலை வெள்ளிக்கிழமைதோறும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதத்தில் நாற்பதுக்கு மேல் போனால் வேலை நிரந்தரமாகாது. அது மேனேஜர் போட்ட விதி.

அடைக்கலமேரி ஏழாம் எண். ராயபுரத்துப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவள் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம்.

"இன்னாங்க, உங்க புரோகிராமுக்கு எழுவத்திரெண்டாவது கட்டத்துல கண்ணு அவிஞ்சி பூடுமா?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டாள்.

"எண்ணி அடி."

"எண்ணிகினுதான் கீறேன். பக்கத்துல பத்து மெஷினு தடதடன்னு அடிக்கிது. சூப்பர்வைசரு வந்து கத்துறாரு. நடுவுல எண்ணிக்கை வுட்டுப்பூடுது. அடுத்த கார்டையும் கொஞ்சம் எட்டிப் பாக்கச் சொல்லுங்களேன் அத. நாங்க பத்து பேரு எண்ணுறத அது ஒண்ணு பாத்துக்கக் கூடாதா?"

"பொண்டாட்டிக்காகப் புரோகிராமை மாத்திட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே. நான் பொண்டாட்டிதானே?"

சிரித்தேன். மாற்றவில்லை. ஆறாம் மாத முடிவில் அவள் கணக்கில் நாற்பத்தொரு பிழைகள். நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை இரண்டு டிபன் பாக்ஸுக்குப் பதில் ஒன்று கட்டினாள். அடுத்த வருடம் மஞ்சள் காமாலை வந்தது. பதினோராம் நாள் போய்விட்டாள். காசிமேடு கல்லறையில் அடக்கம் செய்தோம். நான்காம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

1974-இல் ஏழாம் எண்ணைப் பூமாரிக்குக் கொடுத்தார்கள். வியாசர்பாடிப் பெண். வீட்டில் ஐந்து பேர், சம்பளம் வாங்குவது அவள் மட்டும். ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டுப் பிழைகள்.

கம்ப்யூட்டரை ஓட்டும் சிலுவைமுத்து பட்டியலை ஒட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தான்.

"இன்னா மாமு, இதுவும் பூடும் போல கீதே. ஏழாம் நம்பருக்கே ராசி இல்லியா?"

பூமாரி அவன் பின்னால் நின்றிருந்தாள்.

"ராசிய இன்னாத்துக்கு இஸ்துகினு வர்றே அண்ணே? உன் பொட்டிக்கு ஒரு கார்டுக்கு மேல ஞாபகம் நிக்காது. எங்க தெரு குடிகாரன்கூட நேத்து பாதில வுட்ட பேச்ச இன்னிக்கு வந்து முடிக்கிறான்."

சிலுவைமுத்து பெரிதாகச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அன்று பிற்பகல் என் புரோகிராமின் கார்டுக் கட்டைப் பிரித்தேன். புரோகிராமும் கார்டுகளில்தான், வரிக்கு ஒரு கார்டு. ஒவ்வொரு கார்டின் தொடக்கத்திலும் அந்த அடையாளத்தைப் பூஜ்யமாக்கும் வரி ஒன்று. அதை எடுத்து, ஒரே ஒரு முறை மட்டும் நடக்கும்படி புரோகிராமின் தலையில் வைத்தேன். எழுபத்திரண்டாவது கட்டத்தில் பிழை சொல்லும் வரி ஒன்று. அதைக் கட்டின் கடைசிக்கு, எல்லாக் கார்டும் தீர்ந்த பிறகு நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு குறி மூடாமலே இன்னொன்று திறந்தால் அது உண்மையான பிழை. அதற்குப் புதிதாக ஒரு கார்டு அடித்துச் செருகினேன். தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பூமாரியின் ஆறு மாதக் கார்டுகளை சிலுவைமுத்து மறுபடி ஓட்டினான். முப்பத்தெட்டில் நான்கு மிஞ்சின.

"பழைய ஏழையும் ஓட்டு" என்றேன்.

"வோணாம் மாமு."

"ஓட்டு."

இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து வந்து ஓட்டினான். நாற்பத்தொன்றில் இரண்டு. தாளைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, பீடி குடிக்க வெளியே போய்விட்டான்.

மறுநாள் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். பிழைகள் புரோகிராமுடையவை, அதை எழுதியவன் நான், பாதிக்கப்பட்ட ஆபரேட்டர்கள் இருவர் என்று எழுதி, செல்வி பூமாரி, திருமதி அடைக்கலமேரி என்று இரு பெயரையும் போட்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"பூமாரி விஷயம் சரி. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டாவது பேர் எதுக்கு அருள்பிரகாசம்?"

"அதுவும் நடந்ததுதான் சார்."

"ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தினது தப்புன்னு எழுத்துல வந்தா அது என்னோட முடியாது. தலைமை ஆபீசுக்குப் போகும். விசாரணை வைப்பாங்க. அது முடியறவரைக்கும் யாருக்கும் நிரந்தர உத்தரவு கிடையாது. அந்தப் பொண்ணுக்கு முப்பதாம் தேதியோட கெடு முடியுது." தொண்டையைச் செருமினார். "உங்க வீட்டம்மா இப்போ இல்லை. எழுதி யாருக்கு என்ன ஆகப்போவுது?"

யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கும் தெரியும். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பூமாரி அடித்துக்கொண்டிருந்தாள். புரோகிராம் மாறியது அவளுக்கு இன்னும் தெரியாது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

இரண்டாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன்.

"படிக்க முடியுதே. நல்லா அடிச்சிடுங்க" என்றார்.

இன்னும் இரண்டு கோடு போட்டேன்.

பஞ்ச் அறைக்குப் போய், வேலை நிரந்தரமாகிவிட்டது, இனிமேல் எண்ண வேண்டியதில்லை என்று பூமாரியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"நெசமாவா சார்? குறி பாதில நின்னுகினாலும் ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லாது. நேத்து மதியம் மாத்தினேன்."

"ஒரே மதியத்துலயா?" முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "அப்போ மின்னாடியே மாத்திக்கலாமே சார்?"

"மாத்தியிருக்கலாம்" என்றேன்.