கண் திறந்த காட்சி

"மிருகம் கண்ணைத் திறந்ததுமே எழுந்து வெளியே வந்துவிட்டேன்" என்று படத்தின் இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவள் அதைச் சிவப்பில் போட்டாள். அடுத்த ஆள், "அது கண்ணைத் திறந்தபோது அழுதுவிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். உருகி அழுதாரா, வயிறெரிந்து அழுதாரா தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்றால் பச்சை, பிடிக்கவில்லை என்றால் சிவப்பு, இரண்டுங்கெட்டான் என்றால் மஞ்சள். அழுதவரை மஞ்சளில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் நூற்று நாற்பது பேர் வந்து போயிருந்தார்கள். ஏசி தலைக்கு நேர் மேலே இருந்ததால் காதைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, பல்வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நிறம் போட்டால் மட்டும் போதாது. எதைப் பற்றிய கருத்து என்றும் குறிக்க வேண்டும். நடிப்பு, இசை, கதை மாற்றம், கிராபிக்ஸ். வாரக் கடைசியில் இதெல்லாம் வட்ட வட்டமான படங்களாக மாறிப் படக் கம்பெனிக்குப் போகும். அதை வைத்துத்தான் இரண்டாம் பாகத்தில் எதை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்வார்கள் என்று பேச்சு. முதல் வாரத்து வட்டத்தில் கிராபிக்ஸ் என்ற துண்டு முக்கால்வாசி சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பில் அவள் கை வைத்துப் போட்டது நிறைய.

அந்த மிருகத்தின் கண்ணைச் செய்தது அவள் கணவன். மிருகம் முழுக்க அவன் செய்ததில்லை. ரோமத்துக்கு நான்கு பேர், நடைக்கு ஆறு பேர். கண் மட்டும் அவனுக்கு. இமை, இமைக்கு உள்ளே இருக்கும் ஈரம், ஈரத்தில் விழும் வெளிச்சம் என்று பதினான்கு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். படம் முடிந்ததும் அவன் ஸ்டூடியோவில் பாதிப் பேரை, "இரண்டாம் பாகம் உறுதியானதும் கூப்பிடுகிறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதமாக அவன் வீட்டில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"இன்னைக்கு எப்படி?"

"பாதிக்குப் பாதி."

இரண்டு பேருக்கும் அந்தப் பதில் போதும் என்று ஆகியிருந்தது. வீட்டுக்காரர் இந்தப் படத்தில் வேலை செய்தவர் என்று அவள் ஆபீசில் சொல்லவில்லை. சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில், வீட்டு ஆட்கள் சம்பந்தப்பட்ட வேலை வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. இந்தப் படம் தன் மேஜைக்கே வரும் என்று அப்போது யார் கண்டார்கள். வந்தபிறகு, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எந்த நாவலைப் படமாக எடுத்தார்களோ, அதை அவள் கல்லூரி ஹாஸ்டலில் படித்தவள். மூன்று பாகம். நான்கு பேருக்கு ஒரே பிரதி. ஒருத்தி குளிக்கப் போன நேரத்தில் இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். மலைக் கணவாயில் குறுக்கே படுத்துக் கிடக்கும் ஒரு காவல் மிருகம். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அதன் கழுத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படைகள் தாண்டுகின்றன, பிணங்களைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறார்கள், கடைசியில் நாட்டை இழந்த ராணி தனியாகத் தாண்டுகிறாள். மூன்று பாகத்திலும் அது கண்ணைத் திறப்பதே இல்லை. ஏன் என்றும் புத்தகத்தில் இல்லை. அது குருடு என்று ஒருத்தி சொன்னாள். தூங்குகிறது என்றாள் இன்னொருத்தி. பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு மூடியிருக்கிறது என்பது இவள் கட்சி. இதற்காக இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

படத்தில் ராணி கழுத்தைத் தாண்டும்போது இசை பெரிதாகிறது, மிருகம் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிறது. முதல் வாரம் கணவனோடும் மாமனாரோடும் தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பழுப்பும் பொன்னும் கலந்த, இவ்வளவு ஈரமான ஒரு கண்ணை அவள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ சப்பென்று அமுங்கியது. இத்தனை வருஷமாக மூடியிருந்ததை யாரோ கேட்காமல் திறந்துவிட்ட மாதிரி. பக்கத்தில் மாமனார் கை தட்டினார். வரும் வழியில் பஸ்ஸில் கணவன், ஜன்னலைப் பார்த்தபடியே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சுங்க."

"கண்ணு?"

"கண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. சிவப்பில் விழுந்தவர்களில் பாதிப் பேர் அவள் மனதில் இருந்ததைத்தான் எழுதியிருந்தார்கள். அவர்களைப் படிக்கும்போது, தான் எழுதியதைத் தானே திருத்துவது மாதிரி இருந்தது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையில் ஒரு பச்சை வந்தது. "இந்தக் கண்னு மாதிரி கண்னு உலக சினிமாவிலேயே இல்லை." நாலு கருத்து தள்ளி இன்னொருவர், "கண்னுக்காகவே மூன்று தடவை பார்க்கலாம்." பெயர் வேறு. அதற்கப்புறம் பெண் பெயரில் ஒருவர், "நான் ஒரு குடும்பத் தலைவி. கண்னைப் பார்த்து மெய்சிலிர்த்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் லிப்ட் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரான அவள் மாமனார், பால்காரருக்கு எழுதும் சீட்டிலும் இரண்டு சுழி, மூன்று சுழியை இப்படித்தான் குழப்புவார். தேடிப் பார்த்ததில் ஐந்து பெயரில் ஐந்து கருத்து. ஒரே ஆள் பல பெயரில் எழுதினால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நீக்க வேண்டும் என்பது விதி. குடும்பத் தலைவியை மட்டும் விட்டுவைத்து மற்ற நான்கையும் நீக்கினாள்.

அதே சிரிப்போடுதான் அடுத்ததையும் திறந்தாள். 'பஸ் பயணி' என்று பெயர் போட்டிருந்தது.

"புத்தகத்தில் அது கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை. திறக்காததால்தான் அதன் பக்கத்தில் போக எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. படத்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ராணி தாண்டும்போது இடது இமை லேசாக நடுங்கும். இமையில் ஒட்டியிருக்கும் ஒரு மண்துகள் உதிரும். அவ்வளவுதான் காட்சி. பிறகு யாரோ திறக்கச் சொல்லிவிட்டார்கள். திறந்தது தப்பு. செய்தவனுக்கும் அது தெரியும்."

இரண்டாம் தடவை படித்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. போன வருஷம் அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "பாரு, இந்தத் துகள் விழுது பாரு. மூணு வாரம் ஆச்சு இதுக்கு." ஒரு தூசி விழுவதைப் பார்க்கக் கத்தியைக் கீழே வைத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வெங்காயக் கண்ணீரோடு, "விழுது, விழுது" என்றாள். கொஞ்ச நாளில் அந்தக் காட்சியை மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவன் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்று நினைத்திருந்தாள்.

சிவப்பு என்பதில் சந்தேகமில்லை. எதைப் பற்றி என்பதில்தான் கை நின்றது. கண் என்று வந்தாலே கிராபிக்ஸ் என்று போட்டுத்தான் பழக்கம். இந்த ஆள் கிராபிக்ஸைத் திட்டவில்லையே. திறக்க வைத்ததை அல்லவா திட்டுகிறான். 'கதை மாற்றம்' என்று போட்டாள். போட்டதும் பழையதெல்லாம் உறுத்த ஆரம்பித்தது. இதுவரை தான் கிராபிக்ஸில் போட்ட சிவப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். 'எழுந்து வந்துவிட்டேன்' என்றவர், 'புத்தகத்தைக் கொன்றுவிட்டார்கள்' என்றவர், 'மூடியே இருந்திருக்கலாம்' என்றவர். கண்ணின் வேலைப்பாடு மோசம் என்று சொன்னவர்கள் ஒன்பதே பேர். மற்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் திறந்த முடிவைத்தான் திட்டியிருந்தார்கள். தேநீருக்கு எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் மாற்றினாள். முடிக்கும்போது ஐந்து மணி. புருஷனுக்காக மாற்றினோமா, சரியென்று மாற்றினோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இரண்டும் பின்னிக் கிடந்தன. பிரித்தெடுக்கத் தெம்பில்லை.

டீம் லீடரை எல்லோரும் ஸ்வெட்டர் என்றுதான் சொல்வார்கள். கோடையிலும் கழற்றமாட்டான். அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். விஷயத்தைச் சொன்னாள். அவன் பத்துப் பதினைந்து கருத்துகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான்.

"சரிதாங்க. கண்ணு நல்லா இல்லன்னு யாருமே சொல்லலயே. இத எப்படி நாம கவனிக்காம விட்டோம்?"

அத்தோடு திரும்பியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"சார், அந்தக் கண்ணைச் செஞ்சது எங்க வீட்டுக்காரர்."

அவன் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்காமல், "மொதல்லயே சொல்லியிருக்கணும்ல?" என்றான்.

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "இப்ப நீங்க சொன்னது என் காதுல விழலன்னு வச்சுக்கலாமா?"

ரொம்ப நல்ல மனதோடுதான் கேட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. இனி தினமும் இதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று இருந்தது.

"வேணாம் சார். விழுந்ததாவே இருக்கட்டும்."

ஸ்வெட்டர் பெருமூச்சு விட்டான். "அப்படின்னா நீங்க மாத்துனத எல்லாம் நான் பழையபடி ஆக்கணும். வேற ஆள் மொதல்ல இருந்து பார்ப்பாங்க. நீங்க சொன்ன மாதிரியே அவங்களுக்கும் தோணலாம். தோணாமலும் போகலாம். நான் வாயே திறக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்து, "நாளையிலேர்ந்து நீங்க வாஷிங் மெஷின் கருத்துக்குப் போயிடுங்க" என்றான். "அங்க ஒரு நிம்மதி. துணி வெளுத்துச்சா இல்லயா, அவ்வளவுதான்."

ஆறு மணி பஸ் போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டே வந்தாள். கதவைத் திறந்ததும் மாமனார் போனும் கையுமாக எதிரே வந்தார்.

"என்னம்மா இது, நம்ம கருத்துல நாலக் காணோம்? காலையில இருந்துச்சே?"

"நம்ம கருத்தா? எத்தனை பேரு மாமா நீங்க?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "பெத்தவன் சொன்னா எடுபடாதும்மா. அதான் பொதுமக்களா மாறி சொன்னேன்."

"குடும்பத் தலைவி மட்டும் இருக்காங்க, பாருங்க. கண்ணுக்கு மூணு சுழி ரெண்டு தடவை போடணும் மாமா."

கணவன் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். "இன்னைக்கு எப்படி?" என்றான், திரும்பாமல். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னை வேற வேலைக்கு மாத்திட்டாங்க. உங்க விஷயத்தைச் சொல்லிட்டேன்."

இப்போது திரும்பினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருநூற்றுச் சொச்சத்தை மாற்றியது, ஸ்வெட்டர் கேட்டது, திரும்பவும் அதெல்லாம் கிராபிக்ஸ் கணக்கிலேயே போனாலும் போகலாம் என்பது. எல்லாம் முடிந்த பிறகு, "பஸ் பயணி எழுதினதப் படிச்சேன்" என்றாள்.

அவன் முகம் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆனது.

"எப்பங்க படிச்சீங்க புத்தகத்தை?"

"போக வர பஸ்லதான். மூணு பாகமும். முடிக்க எட்டு மாசம் ஆச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அதப் பத்திப் பேசுவ. பேசினா, திறக்கக் கூடாதுன்னு சொல்வ. எனக்கும் அதான் தோணும். அப்புறம் மறுநாள் போய் உட்கார்ந்து எப்படித் திறக்கிறது?" அவன் கண்களைக் கசக்கிக்கொண்டான். "படம் பார்த்துட்டு வந்தப்ப நீயாவது திட்டுவன்னு பார்த்தேன். நல்லா இருக்குன்னுட்ட."

"பதினாலு மாசம் நீங்க தூங்கலயே. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

வெளியே மாமனார் ஏதோ வீடியோவைச் சத்தமாக வைத்தார். பிறகு அவராகவே குறைத்தார். அவளுக்குக் காலைக் கழுவக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

"ஒரு சின்ன வேலை வந்திருக்கு" என்றான் கடைசியில். "பற்பசை விளம்பரம். நுரை செய்யணும்."

"நுரையா?"

"ஆமா. பிரஷ்லேர்ந்து வழியற நுரை. நாலு செகண்ட்." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஓடவிட்டான். நீல நிறப் பிரஷ் ஒன்று வந்து நின்றது. வெள்ளை நுரை பொங்கி, நுனியில் திரண்டு, கீழே வழுக்கியது. நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடியும் ஓடவிட்டான். பிறகு நாற்காலியில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். பாதி நாற்காலி காலியாக இருந்தது.

அவள் எழுந்து போய் அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று தொடங்கி நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். "இன்னொரு தடவை போடுங்க."

போட்டான். அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நுனியில வந்ததும் டக்குனு விழுந்துடுது. கொஞ்சம் நிக்கணும்."

"எவ்வளவு?"

"தெரியலங்க. நிக்கணும்."

அவன் எதையோ அழுத்தினான். பிரஷ் வந்தது, நுரை பொங்கியது, நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டது. தன் கனத்தில் நீண்டு, மெலிந்து, விழப்போகிற நிலையில் தொங்கியது. அதில் ஜன்னல் மாதிரி ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. இருவரும் ஒரே நாற்காலியில், தோள் இடிக்க, அது விழுவதற்காகக் காத்திருந்தார்கள்.