பாஸ் மாத்தி ஆச்சு

1

இந்தக் கதை எனக்கு மலேசியாவில், கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் ஊரில் ஒரு கார்ப் பட்டறையில் கிடைத்தது. கிடைத்தது என்றால், கீழே கிடந்தது, நான் எடுத்துக்கொண்டேன். என் காரைப் பார்த்த பட்டறைக்காரர், "டீச்சர், ரோட் டேக்ஸ் மாத்தி ஆச்சே" என்றார். பக்கத்தில் நின்றிருந்த தமிழ்நாட்டுக்காரர், கோயில் வேலைக்கு வந்தவராக இருக்க வேண்டும், "மாத்தியாச்சா, அப்ப நல்லதுங்க" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

மலாயில் 'மாத்தி' என்றால் செத்துப்போனது. காலாவதியான எதையும் நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வோம்: லைசென்ஸ் மாத்தி, பெர்மிட் மாத்தி, பேட்டரி மாத்தி. ஊரிலிருந்து வந்தவர் காதில் அது 'மாற்றி' என்று விழுகிறது. எங்களுக்குச் சாவு, அவருக்குப் புதுசு. பட்டறையில் எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதே வாக்கியத்தை ஒருவனுடைய விசா விஷயத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது.

அவ்வளவுதான் என் கையில் இருந்தது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'மலையைப் பனி மூடியிருந்த ஒரு காலையில் எட்வின்...'

வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறோம். பனி இல்லாத நாளில் இங்கே யாருக்கும் ஒன்றும் நடக்காதா என்ன?

இரண்டாவது: 'எட்வின் ஒரு திறன்மிகு அயல்நாட்டுத் தொழிலாளர். அன்னாரது...'

ஐயோ, சுற்றறிக்கை.

மூன்றாவது: எட்வின் குன்னூர்க்காரன். இந்த மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இலை எவ்வளவு வாட வேண்டும், எப்போது உருட்ட வேண்டும், என்ன நிறம் வந்ததும் சூட்டுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்கிறவன் அவன்தான். ஊரில் மனைவி ஷீபா, பள்ளிக்கூட டீச்சர். மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு நாளும் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான்.

இது இருக்கட்டும்.

3

இனி ஒரு பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பிழைப்பது அதில்தான்.

எட்வின் மாதிரி ஆட்கள் தாமாக இங்கே வேலைக்கு வந்துவிட முடியாது. ஒரு கம்பெனி, 'இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்' என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். ஒத்துக்கொண்டால் பாஸ் கிடைக்கும். பாஸில் பெயர் அவனுடையதுதான். ஆனால் அந்தக் கம்பெனியில், அந்த வேலையில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். வேறு தோட்டத்துக்குப் போனால் பாஸ் கூடவே வராது. பழைய கம்பெனி அதை முடித்துவிடும், புதுக் கம்பெனி முதலிலிருந்து கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஆள் யாருடைய ஆளும் இல்லை.

(கொழுந்து வெட்ட வரும் நேப்பாளிகளுக்கும் வங்காளதேசத்துக்காரர்களுக்கும் இருப்பது பெர்மிட். தனக்கு இருப்பது பாஸ். இந்த வித்தியாசத்தில் எட்வினுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷன்தானே.)

பாஸிலும் வகை உண்டு. எட்வினுடையது குடும்பத்தைக் கூட்டிவர முடியாத வகை. மலையின் மறுபக்கத்தில் இன்னொரு தோட்டம் அவனை மேல் வகையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அப்படியானால் ஷீபாவும் ஜெனியும் இங்கே வந்து அவனோடு இருக்கலாம். அவன் பழைய வேலையை விட்டது அதற்காக மட்டும்தான். இதை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் வேறு ஒன்றும் இல்லை.

4

பழைய தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, தர்ஷினி. ரிங்லெட் பெண். நல்ல பெண். வில்லி வேண்டும் என்கிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். கடைசி நாளில் எட்வினின் பாஸ்போர்ட்டை அவனிடம் நீட்டினாள்.

"சார், உங்க பாஸ் மாத்தி ஆச்சு. இனிமே அந்த எஸ்டேட்காரங்கதான் பாக்கணும் லா."

"மாத்தியாச்சா? இவ்ளோ சீக்கிரமாவா?"

"நம்ம ஆபீஸ்ல எல்லாம் சீக்கிரந்தான் சார்."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். பொண்ணு வரட்டும், உங்களப் பாக்கக் கூட்டிட்டு வரேன்."

தர்ஷினிக்கு அது சரியாகப் புரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். சிரித்து வைத்தாள்.

எட்வின் படி இறங்கும்போதே ஊருக்குப் போன் போட்டுவிட்டான்.

"ஷீபா, பாஸ் மாத்தியாச்சு. ஸ்கூல்ல எழுதிக் குடுத்துடு."

"நிஜமாவா? நல்லாக் கேட்டீங்களா?"

"கிராணியே சொன்னாங்க. தமிழ்லதான் சொன்னாங்க."

ஷீபா வேலையை ராஜினாமா செய்தாள். நிரந்தர வேலை. அலையாய் அலைந்து வாங்கியது. விட்டால் திரும்பக் கிடைக்காது.

5

இங்கே ஒரு வாசகர் கை தூக்குகிறார். 'இவ்வளவு நாள் இந்த நாட்டில் இருந்தவனுக்கு மாத்தி என்ற சொல் தெரியாதா?'

நியாயமான கேள்வி. எனக்கும் இந்த இடத்தில் எட்வின் மேல் சந்தேகம் வந்தது. அவனை மாற்றி, புதிதாக வந்து இறங்கியவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஒரு நாட்டின் மொழி, நம்மோடு நாலு பேர் வாயாடினால்தான் நமக்கு வரும். எட்வினோடு யாரும் வாயாடவில்லை. மெஷின் நின்றுபோனால் 'ரோசாக்' என்று ஓடி வருவார்கள், அது தெரியும். சாப்பாட்டுக் கடையில் கேட்கிற சொற்கள் தெரியும். உள்ளூர்த் தமிழர்கள் பேசினால் தமிழ்தானே என்று பாதியில் தலையாட்டிவிடுவான். மறுபடி கேட்க அவனுக்குக் கூச்சம்.

அவனுக்கு அந்தச் சொல் தெரியாததுதான் அவன் எவ்வளவு தனியாக இருந்தான் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி. ஆகவே அவன் அப்படியே இருக்கிறான். கையைக் கீழே போடுங்கள்.

6

புதுத் தோட்டத்தில், 'குவார்ட்டர்ஸ் தயாராகவில்லை, கொஞ்சம் பொறுங்கள்' என்றிருந்தார்கள். எட்வின் ரிங்லெட்டில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் பொறுத்திருந்தான். பொழுது போகவில்லை. பிரிஞ்சாங் இரவுச் சந்தை மாலையிலேயே தொடங்கிவிடும், அங்கே போனான். ஜெனிக்காக ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும்போது எதிரே தர்ஷினி.

"சார், நீங்க இன்னும் ஊருக்குப் போகலையா?"

"நான் ஏன் மேடம் போகணும்? பாஸ்தான் மாத்தியாச்சே."

"அதான் சார் கேக்குறேன். மாத்தி ஆச்சே."

"ஆமா, மாத்தியாச்சு."

(இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். துணி எடுத்தேன், மடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு சந்தைக் கூட்டத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். பாவமாக இருந்தது, திரும்பி வந்தேன்.)

முதலில் புரிந்தது தர்ஷினிக்குத்தான்.

"சார், மாத்தின்னா மலாய்ல செத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்க பாஸ் முடிஞ்சுபோச்சு சார். புது எஸ்டேட்ல அப்ளை பண்ணிட்டாங்களா?"

"குவார்ட்டர்ஸ்தான் இன்னும் ரெடியாகலைன்னாங்க."

அவள் அங்கேயே நின்று அந்தத் தோட்டத்து ஆபீசில் தெரிந்தவருக்குப் போன் செய்து கேட்டாள். மனுவே இன்னும் போகவில்லை.

"நாளைக்கே இமிகிரேஷன் போயிருங்க சார். ஸ்பெஷல் பாஸ் கேளுங்க. குடுத்தாங்கன்னா கொஞ்சம் டைம் கெடைக்கும். அப்புறம் ஊருக்குப் போய்தான் வெயிட் பண்ணணும்."

"எவ்ளோ நாள்?"

"தெரியாது சார். கெடைக்குமான்னே..." பாதியில் நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது. "நான் தமிழ்லயே சொல்லியிருக்கணும் சார்."

"நீங்க தமிழ்லதானே மேடம் சொன்னீங்க" என்றான் எட்வின்.

7

முடிவுகள்.

ஒன்று: புதுத் தோட்டத்துத் துரை மனம் இரங்கி ஓடியாடி, பாஸ் வந்துவிடுகிறது. எழுதினேன். தர்ஷினிகூட நம்பமாட்டாள். கிழித்துவிட்டேன்.

இரண்டு: எட்வின் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். திறந்த ஷீபா முதலில் சந்தோஷப்படுகிறாள். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்று: இத்துடன் ஒரு முற்றுப்புள்ளி. அப்போதுதான் சுருக்கென்றது. அவனை இந்த மலைக்கு வரவழைத்தது எந்தக் கம்பெனியும் இல்லை, நான்தான். நான் முடித்தால் அவன் இங்கே இருப்பதும் முடிந்தது. ஏற்கெனவே ஒரு கம்பெனி அவனை முடித்துப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டது. நானுமா?

ஆகவே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

சந்தைக்கு வெளியே, திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரிகளின் ஓரத்தில் நின்று, எட்வின் ஷீபாவுக்குப் போன் செய்கிறான். குன்னூரில் இன்னும் பிற்பகல். எடுக்கிறாள். பின்னால் ஜெனி ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல ஷீபா. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவனுடைய அப்பா இறந்த அன்றும் அவன் இப்படித்தான் தொடங்கினான். ஷீபா அடுப்பை அணைக்கிறாள். பிறகு, "ஜெனி, நீ போய் வெளிய விளையாடு, அம்மா பேசிட்டு வரேன்" என்கிறாள். பாட்டு தூரமாகப் போகிறது. கதவு சாத்துகிற சத்தம்.

"இப்ப சொல்லுங்க."

அடுத்த வரி அவனுடையது. அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அவள் தனியாக இருக்கிறாள்.