விடியுதா, இருட்டுதா

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு இப்போது பகல் தூக்கம் கலைந்தால், விடிகிறதா இருட்டுகிறதா என்றே தெரிவதில்லை. ஜன்னலில் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம்தான். வயசானால் வரும் கேடு, வேறென்ன?

ஆனால் அந்தக் குழப்பத்தில்தான் என் மனைவி வருகிறாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கண்ணைத் திறக்காமல் கிடந்தால் சமையலறையில் குழாய் திறக்கும். தேய்ந்த செருப்பு தரையில் இழுபட்டு அறை வாசல்வரை வரும். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட ஆசை பெரிது. "மணி என்ன?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பழக்கதோஷத்தில் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்; சத்தம் அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் ஒரு சாயங்காலம் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை மாத்திரையை இரண்டாவது தடவையாக விழுங்கியும் இருந்தேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே பேசும் கடிகாரம் ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

சரியான வாயாடி அது. செருப்பு வாசலை நெருங்கும் நேரம் பார்த்து, "இப்போது மாலை ஐந்து மணி" என்றது. அவ்வளவுதான், வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன்.

மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னப்பா இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

"அது பேசினா உங்கம்மா வர மாட்டேங்கிறாம்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "உங்களை இனிமே தனியா விட முடியாது. என் வீட்டுக்கே வந்துடுங்க" என்றாள்.

அந்த வீட்டுக்கு என் மனைவி எப்படி வருவாள்? "இன்னைக்கு ஒருநாள் நீயே பக்கத்துல உட்கார்ந்து பாரு. ஒண்ணும் இல்லேன்னா நானே பெட்டியைக் கட்டுறேன்" என்றேன்.

சலித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் அசந்துவிட்டேன்.

விழிப்பு வந்தபோது குழாய் திறந்து மூடியது. மகள்தான் தண்ணீர் பிடிக்கிறாள் போலிருக்கிறது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். செருப்பு இழுபட்டு வாசலுக்கு வந்தது. எரிச்சலோடு கண்ணைத் திறந்தேன்.

மகள் நாற்காலியில்தான் இருந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். நான் வாயைத் திறப்பதற்குள் கையால் பொத்தினாள்.

"பேசாதீங்கப்பா" என்றாள், குரலே எழும்பாமல். "அம்மா போயிடுவா."