குருவி சொல்லாத வரி

அந்த மழலையர் வகுப்பில் கரும்பலகை கிடையாது. பிள்ளைகள் மண்ணையோ மரக்கட்டையையோ தண்ணீரையோ தேடிப் போவார்கள். ஆசிரியை அவர்கள் பின்னால் போய் உட்கார வேண்டும். விளையாடும்போது அவர்கள் பேசுவதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, சுவரில் ஒட்ட வேண்டும். தன் பேச்சு எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும் பிள்ளைதான் எழுத்தைத் தேடி வரும் என்பது அங்கே வேதவாக்கு.

சுவரில் குருவி என்ற சிறுமியின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நாலு வயது. வகுப்பில் சேர்ந்த ஐந்து மாதத்தில் ஒரு சொல் இல்லை, வீட்டிலும் பேசியதே இல்லை. வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போவாள். புனலில் ஊற்றுவாள், ஒழுகுவதைப் பார்ப்பாள், மறுபடி ஊற்றுவாள். ஆசிரியை தாளோடு பக்கத்தில் இருப்பாள். அந்த மௌனம் முதலில் அவளுக்குப் பழகியது, பிறகு பிடித்துப்போனது.

“புதன்கிழமை எல்லார் தாளையும் பார்ப்பேன்” என்றிருந்தார் தலைமை ஆசிரியை. “குருவியோடது காலியா இருந்தா அவ அம்மாவை வேற பள்ளி பாத்துக்கச் சொல்லிடலாம்.”

“இன்னும் கொஞ்ச நாள் குடுங்க மேடம்.”

“கல்லுல எத்தனை நாள்மா நார் உரிப்ப?”

செவ்வாய்க்கிழமை மாலை, பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில், ஆசிரியை எழுதினாள்: ‘தண்ணி ஓடுது. நான் பிடிக்கிறேன், அது நிக்க மாட்டேங்குது.’ குருவியின் கை சொன்னது இதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சுவரில் ஒட்டினாள்.

அழைத்துப்போக வந்த குருவியின் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். சலவைக்கூடத்தில் வெந்து வெளுத்த விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி வாசித்தாள்.

“என் பொண்ணு சொன்னதா டீச்சர்?”

இல்லை என்று சொல்லத்தான் ஆசிரியை வாயெடுத்தாள். “ம்” என்று வந்தது.

அம்மா அங்கிருந்த குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். “‘அம்மா’ன்னு ஒரு சொல்லுக்குத் தவம் கிடக்குறேன். இவ இங்க கதையே அளக்குறா, கள்ளி.”

புதன்கிழமை தலைமை ஆசிரியை தாளைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார்.

வியாழக்கிழமை காலை குருவி தொட்டிப் பக்கம் போகவில்லை. அம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“வீட்டுல மட்டும் வாயே திறக்கல டீச்சர்” என்றாள் அம்மா. “இங்க பேசுறல்ல, எங்கிட்ட என்னடி கோவம்னு கேட்டுக் கேட்டு, நேத்து ஒரு அடி வச்சுட்டேன். பேச்சுப் பயிற்சிக்குத் திங்கக்கிழமை போகணும், எட்டு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள். அதையும் வேண்டாம்னுட்டேன். பேசாத பிள்ளை யாருக்காவது போகட்டும்னு.”

ஆசிரியை சுவரிலிருந்த தாளைக் காட்டினாள்.

“அது அவ சொல்லலைம்மா. நானா எழுதினது.”

உள்ளே பிள்ளைகள் கட்டைகளைச் சரித்துவிட்டுச் சிரித்தார்கள்.

“நான் அவளை அடிச்சேனே” என்றாள் அம்மா.

கைப்பேசியை எடுத்துப் பயிற்சி மையத்தை அழைத்தாள். அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, மறுபடி எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பெயரைப் பதியச் சொல்லிவிட்டு வைத்தாள்.

“நான் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லணும்” என்றாள் ஆசிரியை. “சொன்னா, இவளை அனுப்பிடுவாங்க.”

“சொல்லலைன்னா?”

“இங்கயே இருக்கலாம்.”

“பேசுற பிள்ளைன்னு எழுதி வச்சா, இவ பேசலைன்னு இனிமே யாரு கவலைப்படுவா?” அம்மா குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். “போங்க. போய்ச் சொல்லுங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்.”

ஆசிரியை தாளைச் சுவரிலிருந்து உரித்தாள். தலைமை ஆசிரியையின் அறைக்குப் பதினைந்து எட்டுதான். நடந்து போய்க் கதவைத் தட்டினாள்.